ஆகாத பிள்ளை

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, சோற்றுப் பெட்டி இருந்த பையில் என் மனைவி ஒரு புத்தகத்தையும் வைத்தாள். "படிச்சுப் பாருங்க" என்றாள்.

அது ஒரு மர்ம நாவல். மகள் தன் தமிழாசிரியையிடம் கேட்டு வாங்கி வந்தது. மகள் முடித்ததும் மனைவி எடுத்துக்கொண்டாள். அடுப்படியில் நின்றபடியே படித்தாள். ஒரு நாள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அவள் எனக்குப் படிக்கக் கொடுத்த முதல் புத்தகம் இதுதான். எனக்குப் படிப்பு ஆறாம் ஆண்டோடு சரி. ஆனாலும் தமிழில் எது கிடைத்தாலும் படிப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலை வாசலில் நான் ஜாகா, அதாவது காவலாளி வேலை செய்கிறேன். லாரி வந்தால் தடுப்புக் கம்பியைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். நடுவில் நேரம் நிறைய இருக்கும். என்னோடு வேலை செய்பவர் என்னைவிட மூத்தவர், ஓயாமல் பேசுகிறவர். புத்தகத்தைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"என்ன தம்பி, இந்த வயசுல எஸ்.பி.எம். பரீட்ச எழுதப் போறியா?"

"சும்மா கதைதான் அண்ணே."

"கொல இருக்கா?"

"பிள்ள காணாம போவுது."

"அப்ப அப்பன்தான் செஞ்சிருப்பான் லா. நான் பாக்காத படமா! கடசி பக்கத்த தொறந்து பாரு, நான் சொன்னது சரியா இருந்தா நீ டீ வாங்கித் தரணும்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் கடைசிப் பக்கத்தைத் திறக்கவில்லை.

கதையில் வரும் தகப்பன் வேன் ஓட்டுகிறவன். சந்தையில் அவனுடைய மகன் காணாமல் போகிறான். எல்லாரும் தேடுகிறார்கள். அந்தத் தகப்பன் அழவில்லை. யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் வேனைக் கழுவுகிறான். எல்லாரும் தெருத் தெருவாகத் தேடும்போது அவன் மட்டும் நேராக ஆற்றங்கரைக்குப் போகிறான். போலீஸ் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. எழுதியவர் கெட்டிக்காரர். படிக்கப் படிக்க எனக்கே அந்த ஆள் மேல் சந்தேகம் வந்தது. அப்படி வந்ததும் புத்தகத்தை மூடி வைத்தேன். அழத் தெரியாத மனிதர்கள் இருக்கிறார்கள். புத்தகம் எழுதியவர் அவர்களைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

எங்கள் மகள் ஒரு முறை காணாமல் போனாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. நாங்கள் அப்போது இருந்த தோட்டத்தில் பலரும் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள். என் மனைவியும் சந்தேகப்பட்டாள். பிள்ளை கிடைத்த பிறகு அந்தச் சந்தேகம் அவளிடமிருந்து போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பேசியதே இல்லை. இத்தனை வருடம் கழித்து இந்தப் புத்தகத்தை அவள் ஏன் என் பையில் வைத்தாள் என்று யோசித்துக்கொண்டே அன்று முழுவதும் கம்பியைத் தூக்கி இறக்கினேன்.

அப்போது நாங்கள் சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தோம். நான் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்த வாரத்தில் என் மனைவியின் அண்ணன் பாலிங்கிலிருந்து வந்தார். பிறந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஜித்ராவில் ஒரு ஜோசியரிடம் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் சரியாக இல்லை.

"மாப்பிள்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. பிள்ளைக்கு நல்ல ஜாதகம்தான். ஆனா அப்பனுக்கு ஆகாதாம்."

ஐந்து வயது முடியும்வரை நான் பிள்ளையைத் தூக்கக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது. மீறினால் என் உயிருக்கு ஆபத்து. முதன்முதலாக முகம் பார்க்கும்போதுகூட நேராகப் பார்க்கக் கூடாது. அதனால் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு பித்தளைத் தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்தார்கள். மச்சான் பிள்ளையை எனக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். எண்ணெயில் என் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

எனக்கு ஜோசியத்தில் பெரிய நம்பிக்கையும் கிடையாது, எதிர்த்துப் பேசும் துணிவும் கிடையாது. சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். பிள்ளை சேலைத் தொட்டிலில் தூங்கும்போது, தொட்டிலில் கயிறு கட்டி மறுமுனையை என் கால் விரலில் மாட்டிக்கொண்டு ஆட்டுவேன். அவள் நடக்க ஆரம்பித்ததும் என் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருவாள். லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள். "அண்ணே, ஆட்டுக்குட்டிய எங்க ஓட்டிட்டுப் போறீங்க?" என்பார்கள். "ஆகாத பிள்ள" என்பது லயம் முழுவதும் தெரிந்த விஷயம்.

அவள் காணாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குப் பின்னால் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து பார்த்தபோது வாசலில் பிள்ளை இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் இல்லை. கோயிலில் இல்லை. தேட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பெரிய மழை பிடித்துக்கொண்டது.

எல்லாரும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். நான் மட்டும் நேராகக் கால்வாய்க்கு ஓடினேன். மழை பெய்தால் அந்தக் கால்வாயில் தண்ணீர் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். குலை வெட்டும் நீளக் கம்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

சாயங்காலம் போலீஸ் வண்டிகள் வந்தன. மச்சானும் பாலிங்கிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் என்னிடம் பேசவில்லை. ஆனால் அவர் பேசி அனுப்பிய குரல் பதிவு எல்லார் கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பனுக்கு ஆகாத பிள்ளைங்க. அஞ்சு வயசு முடியிறதுக்குள்ள காணோம். எல்லாரும் வீட்டுல தேடுறாங்க, அவன் மட்டும் கால்வாயில தேடுறான். அவனையே கேளுங்க." நான் பக்கத்தில் வருவதைப் பார்த்ததும் ஒருவர் கைப்பேசியை அவசரமாகச் சட்டைப் பைக்குள் போட்டார். பைக்குள்ளிருந்தும் மச்சான் பேசிக்கொண்டே இருந்தார்.

ஒரு மலாய்க்கார சார்ஜன் என்னை அவர் வண்டியில் உட்கார வைத்து விசாரித்தார். நல்ல மனிதர். என்னை "அபாங்", அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்.

"அபாங், நீங்க பிள்ளைய தூக்கவே மாட்டீங்களாமே. நெசமா?" என்று மலாயில் கேட்டார்.

நெசம்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். ஜாதகம், தோஷம், ஐந்து வயது, இதையெல்லாம் மலாயில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த மலாய் கடையில் சாமான் வாங்கவும் வேலை வாங்கும் மண்டோரிடம் பேசவும்தான் போதும். கடைசியில், "அப்பா பிள்ளையைத் தொடக் கூடாது. தொட்டால் சாவு" என்று சொல்லிவிட்டேன். யாருக்குச் சாவு என்று நான் சொல்லவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார். எனக்குக் கூச்சம் வந்தால் முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்துவிடும். சிறுவயதிலிருந்தே அப்படித்தான். வாத்தியார் அடிக்கும்போதும் வரும். அன்றும் வந்தது. சார்ஜன் வண்டிக் கதவைத் திறந்து இறங்கிப் போய் இன்னொரு போலீஸ்காரரிடம் ஏதோ சொன்னார். அதன் பிறகு நான் எங்கே போனாலும் அந்தப் போலீஸ்காரர் கொஞ்சம் தள்ளி வந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் விடிந்ததும் மனைவி டீ கலக்கி எனக்குக் கொடுத்தாள். அவள் முகம் வீங்கியிருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, வெளியே நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"ஏங்க, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க விட்டுட்டு வந்தீங்க?"

நான் அவளைப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன சிரிப்புதான் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். எழுந்து, காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை கிடைத்துவிட்டது. நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு ஐஸ்கிரீம் விற்கும் மோட்டார் சைக்கிள் வரும். மணி அடித்துக்கொண்டு போன அந்த மோட்டாருக்குப் பின்னால் அவள் நடந்திருக்கிறாள். மோட்டார் போய்விட்டது. திரும்பி வரத் தெரியவில்லை. செம்பனைக் காட்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், பெரியவர்களே தடுமாறுவார்கள். நடந்து நடந்து தோட்டத்தின் அடுத்த டிவிஷன் ஓரத்துக்குப் போய்விட்டாள். அங்கே வங்காளதேசத்து வேலையாட்கள் தங்கியிருந்த கொட்டகை ஒன்று இருந்தது. மழையில் நனைந்து வந்தவளை அவர்கள் உள்ளே கூட்டிப்போய்த் துடைத்து, சோறும் முட்டையும் கொடுத்திருக்கிறார்கள். திருப்பிக் கொண்டுவந்து விடலாம் என்று வெளியே வந்தால் தோட்டம் முழுவதும் போலீஸ் வண்டி. அவர்களிடம் பெர்மிட் இல்லை. விடிந்ததும் டிவிஷன் வாசலில் காவல் இருக்கும் ஜாகாவின் கண்ணில் படும்படி அவளை உட்கார வைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நன்றி சொல்லக்கூட ஆள் இல்லை.

சார்ஜன்தான் அவளைத் தன் வண்டியில் கொண்டுவந்தார். லயமே கூடி நின்றது. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, நேராக என்னிடம் வந்து, "இந்தாங்க அபாங்" என்று நீட்டினார்.

ஐந்து வயது முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. என் கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மச்சான் வந்து வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் ஒரு பெண், "பாத்தியாடி" என்று இன்னொருத்தியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அத்தோடு முடியவில்லை. நாலு வயதுப் பிள்ளை அவ்வளவு தூரம் எப்படி நடக்கும் என்று கேட்டார்கள். ஐஸ்கிரீம் மோட்டார் என்று பிள்ளை சொன்னால், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். அந்த வங்காளதேசத்துக்காரர்கள் வந்து சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். அவர்கள் வர மாட்டார்கள். போலீஸ் அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. லயத்து ஆட்கள்தான் என் முன்னால் பேச்சை நிறுத்தினார்கள். ஐந்து வயது முடிந்ததும் கோயிலில் பூசை செய்து பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். அவள் திமிறிக்கொண்டு அம்மாவிடம் தாவினாள். அவளுக்கு என் கை பழக்கமில்லை. அடுத்த வருடம் தோட்டத்தை விட்டு இந்தப் பட்டணத்துக்கு வந்துவிட்டோம்.

மனைவி ஒன்றும் குறை வைக்கவில்லை. சமைத்தாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள், சண்டையும் போட்டாள். ஆனால் நான் மகளைக் கடைக்கோ பள்ளிக்கோ தனியாகக் கூட்டிப்போகும் நாட்களில், நாங்கள் திரும்பி வரும்போது அவள் வாசல் கேட் அருகில் நிற்பாள். கேட்டால், துணி எடுக்க வந்தேன் என்பாள்.

புத்தகம் பையில் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அவள் கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் அறையில் இருந்தாள். நான் புத்தகத்தை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"முடிக்கல" என்றேன்.

"எதுவர வந்தீங்க?"

"வேன ஏன் கழுவுனன்னு போலீஸ் கேக்குற வரைக்கும்."

"அதுக்கு மேல படிக்காதீங்க. அவன்தான் செஞ்சிருக்கான்."

"அப்பனா?"

"ம். கடசில ஒத்துக்கிறான்." வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "எனக்கு அப்படி ஆத்தரம் வந்துச்சு. இவன் செஞ்சிருக்க மாட்டான், செஞ்சிருக்க மாட்டான்னு நெனச்சுக்கிட்டே படிச்சேன். எழுதுனவன் கையில கெடச்சா நல்லா கேட்டிருப்பேன்."

"அப்புறம் ஏன் எனக்குக் குடுத்த?"

"படிச்சா என்கிட்ட ஏதாச்சும் கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்களா எதையும் கேக்க மாட்டீங்களே."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "அன்னிக்கி நான்தான்னு நம்புனியா?"

"நம்புனேன்" என்றாள். கொஞ்சமும் தயங்கவில்லை.

"கெடச்சதுக்கு அப்புறமும்?"

"ரொம்ப நாளு. எப்ப போச்சுன்னு எனக்கே தெரியல. உங்களுக்கு உசுர் மேல பயம்னு நெனச்சேன். அஞ்சு வயசுவர தாங்காம எங்கயோ கொண்டுபோய் விட்டுட்டீங்கன்னு. அந்த சார்ஜன் நீட்டுனப்ப கைய பின்னால கட்டுனீங்க பாருங்க, அப்ப மனசுல ஒறுதியாயிருச்சு. பெத்த பிள்ள செத்துப் பொழச்சு வந்து நிக்குது, அப்பக்கூட இந்த மனுசனுக்கு அவன் உசுரு பெருசான்னு."

"எனக்கு என்ன பயம்?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நீதான் பயந்த. மச்சான் வந்து சொன்ன அன்னிக்கி, நீங்க போயிட்டா நான் பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்வேன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுத. சத்தியம் வாங்குன. அதுக்காகத்தான் தூக்கல. எனக்கு அந்த ஜோசியமெல்லாம் பெருசே இல்ல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

"டீ குடுத்துட்டு கேட்டேன்ல!"

அவள் கேட்டது அதுவல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அறை வாசலில் மகள் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. காணாமல் போன கதை அவளுக்குத் தெரியும். ஐஸ்கிரீமுக்காக ஊரையே அலைய விட்டவள் என்று வீட்டில் அவளைக் கேலி செய்வோம். மற்றது எதுவும் தெரியாது.

"என்னைய வாங்க மாட்டேன்னு கைய கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"போய்ப் பேசுங்க" என்றாள் மனைவி.

"என்ன பேசுறது?"

"எதையாச்சும். நீங்க வாயத் தொறக்கலன்னா நாங்களா எதையாச்சும் நெனச்சுக்குவோம். எனக்கு ஆனது அவளுக்கு வேணாம்."

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது. என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் செய்யலம்மா. உன்ன எங்கயும் கொண்டுபோய் விடல."

சொன்ன பிறகுதான், அந்த வார்த்தையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது உறைத்தது. சார்ஜனிடம் சொல்லவில்லை, மச்சானிடம் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை.

"அது எனக்குத் தெரியாதாப்பா?" என்றாள், திரும்பாமல். "நடந்து போனது நான்தானே. நான் கேட்டது அது இல்ல."

நான் எழுந்து வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, மச்சான் ஜித்ராவிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கிறாளா என்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.